போனின் பிடியைத் தளர்த்துவது: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

போனைக் குறைக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் பலர் அன்று இரவே இன்ஸ்டாகிராமை டெலீட் செய்கிறார்கள். மூன்றாம் நாள் திரும்ப இன்ஸ்டால் செய்கிறார்கள். நானும் இரண்டு முறை அப்படிச் செய்தவன்தான். பிறகு வீட்டிலும் நட்பு வட்டத்திலும் சிலருக்குக் கூடவே இருந்து உதவியபோதுதான் எங்கே சறுக்குகிறது என்று புரிந்தது. என்ன செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் ஓரளவு தெரிந்திருக்கிறது. எதற்குப் பிறகு எது என்பதுதான் தெரியவில்லை.

கீழே இருப்பது ஐந்து வார வேலை. ஒவ்வொரு படியும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லியிருக்கிறேன். காரணம் தெரிந்தால் உங்கள் வசதிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

## 1. இது உங்களுக்கான வழிதானா என்று பாருங்கள்

போனைக் கையில் எடுத்தால் வைக்க முடியவில்லை, வைத்த பிறகு எரிச்சலாக இருக்கிறது, ஒரு பக்கம் படிப்பதற்குள் மனம் அலைகிறது, இரவில் தூக்கம் தள்ளிப்போகிறது. இப்படி இருப்பவர்களுக்குத்தான் இந்தப் படிகள்.

போன் கையில் இல்லாத நேரத்திலும் வாரக்கணக்கில் மனம் சோர்ந்தே கிடக்கிறது, பசியும் தூக்கமும் கெட்டுவிட்டன, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வருகிறது என்றால் இதைத் தொடங்காதீர்கள். மனநல மருத்துவரைப் பாருங்கள், அதுதான் முதல் வேலை. அந்த நிலையில் போன் பெரும்பாலும் காயத்துக்குப் போட்டுக்கொண்ட கட்டு. சிகிச்சை இல்லாமல் கட்டை மட்டும் அவிழ்த்தால் வலி கூடத்தான் செய்யும். ஆன்லைனில் யாராவது மிரட்டுகிறார்கள் என்றாலும் அப்படித்தான். அது பழக்கத்தைத் திருத்தித் தீர்கிற விஷயம் இல்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, நம்பிக்கையான ஒருவரிடம் உடனே சொல்ல வேண்டிய விஷயம்.

இன்னொன்று, 'நான் போன் அடிமை' என்று உங்களுக்கு நீங்களே பட்டம் கட்டிக்கொள்ள வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 11ஆம் பதிப்பில், கேமிங் கோளாறு இருக்கிறது. சமூக ஊடக அடிமைத்தனம் என்று தனியாக ஒரு நோய் இல்லை. ஆனால் கேமிங்குக்கு அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல் நமக்கும் உதவும். கட்டுப்பாடு கைவிட்டுப் போகிறதா, மற்ற வேலைகளை எல்லாம் அது பின்னுக்குத் தள்ளுகிறதா, கெடுதல் கண்ணுக்குத் தெரிந்த பிறகும் தொடர்கிறதா? மூன்றுக்குமே ஆம் என்ற பதில் மாதக்கணக்காக வருகிறது என்றால் ஒரு நிபுணரின் துணையோடு செய்யுங்கள். இல்லை என்றால் நீங்களே செய்யலாம்.

## 2. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

சட்டைப் பையில் அடங்கும் ஒரு சின்ன நோட்டும் பேனாவும். 'போனிலேயே குறித்துக்கொள்கிறேனே' என்று எல்லோரும் கேட்பார்கள். குறிக்கப் போனவர் இருபது நிமிடம் கழித்துத்தான் திரும்பி வருவார், அதுவும் குறிக்காமல்.

ஒரு அலாரம் கடிகாரம். இது இல்லாமல் படி 6 நடக்காது. போனைப் படுக்கைக்குக் கொண்டுபோக நாம் சொல்லும் சாக்குகளில் அலாரத்துக்குத்தான் முதலிடம்.

படுக்கையறைக்கு வெளியே, சார்ஜர் நிரந்தரமாகச் செருகியிருக்கும் ஓர் இடம்.

அப்புறம், உங்களோடு அடிக்கடி பேசும் நாலைந்து பேரிடம் ஒரு வார்த்தை: "இனி மெசேஜுக்கு உடனே பதில் வராது, அவசரம் என்றால் கால் பண்ணு." இதைச் சொல்லாமல் தொடங்கியவர்கள் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே விட்டுவிடுகிறார்கள். அவர்களை இழுத்தது போன் மட்டும் இல்லை, 'பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்வார்களோ' என்ற பயமும்தான். அந்தப் பயத்தை முன்பே இறக்கி வைத்துவிடுங்கள்.

பரீட்சை, பயணம், உடம்பு சரியில்லாத வாரம் இவற்றில் ஆரம்பிக்க வேண்டாம். அந்த நாட்களின் கணக்கு எதற்கும் உதவாது.

## 3. முதல் வாரம்: எதையும் மாற்றாமல் எண்ணுங்கள்

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் 'டிஜிட்டல் வெல்பீயிங்', ஐபோனில் 'ஸ்கிரீன் டைம்'. இரண்டுமே 2018இல் வந்தவை. உள்ளே மூன்று எண்கள் இருக்கும்: எத்தனை மணி நேரம், எத்தனை முறை போனை எடுத்தீர்கள், எத்தனை நோட்டிஃபிகேஷன் வந்தது. ஐபோனில் எடுத்த கணக்கு 'பிக்கப்ஸ்' என்ற பெயரில் இருக்கும்.

எல்லோரும் மணிக்கணக்கைப் பார்த்துத்தான் அதிர்ச்சி அடைகிறார்கள். நான் பார்க்கச் சொல்வது இரண்டாவது எண்ணை. மணிக்கணக்கில் மேப் போட்டு வண்டி ஓட்டியதும் இருக்கும், அம்மாவோடு வீடியோ காலில் பேசியதும் இருக்கும், புத்தகம் படித்ததும் இருக்கும். ஒருவர் ஒரு நாளில் நாலு மணி நேரம் பார்த்திருக்கிறார், ஆனால் போனை எடுத்தது 25 முறைதான். இன்னொருவர் பார்த்தது இரண்டு மணி நேரம், எடுத்தது 140 முறை. நாள் முழுக்கத் துண்டு துண்டாகச் சிதறிக் கிடப்பது இரண்டாமவரின் மனம்தான்.

எண்கள் ஒரு பக்கம் தானாக ஏறட்டும். நோட்டில் ஒரு நாளைக்குப் பத்து பதிவுகள் மட்டும் எழுதுங்கள். மூன்றே விஷயம்: மணி, போனை எடுப்பதற்கு ஒரு நொடி முன் மனதில் என்ன இருந்தது, கீழே வைத்த பிறகு எப்படி இருந்தது. என் நோட்டின் ஒரு பக்கம் இப்படி இருந்தது:

11:10 – மெயிலுக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை – 25 நிமிடம் போச்சு, தலை கனம்
3:40 – லிஃப்டுக்காகக் காத்திருந்தேன் – ஒன்றுமில்லை
6:15 – அவன் பதில் போட்டானா? – போடவில்லை, எரிச்சல்
9:55 – பேச ஆளில்லை – இன்னும் மோசம்

இவ்வளவு போதும். மூன்றாவது பத்தியை, அதாவது வைத்த பிறகு எப்படி இருந்தது என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள், அடுத்த படிக்கு அது தேவை.

இந்த வாரத்தில் நடக்கும் தவறு, நல்ல பிள்ளையாக நடந்துகொள்வது. எண்ணத் தொடங்கியதுமே கூச்சம் வந்து போனைக் குறைத்துக்கொள்கிறார்கள். அப்புறம் ஐந்தாம் வாரம் ஒப்பிட்டுப் பார்க்க உண்மையான எண் இருக்காது. வழக்கம்போலவே பாருங்கள். இன்னொரு தவறு, மோசமான நேரங்களை மட்டும் எழுதுவது. நல்லபடியாக முடிந்ததையும் எழுதினால்தான் எதை விட்டுவைக்கலாம் என்று தெரியும்.

## 4. நோட்டைப் படித்து வகை பிரியுங்கள்

வார முடிவில் அரை மணி நேரம் ஒதுக்கி, நடுப்பத்தியில் (எடுப்பதற்கு முன் மனதில் இருந்தது) எழுதியவற்றை வகை பிரியுங்கள். இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கிறவர்கள்தான் அதிகம். நான் பார்த்தவரை, முயற்சி தேறுமா தேறாதா என்பது பெரும்பாலும் இங்கேயே முடிவாகிவிடுகிறது. போன் ஒன்றுதான் என்றாலும் அதை எடுக்க வைக்கும் காரணம் ஆளுக்கு ஆள், வேளைக்கு வேளை வேறு. காரணம் மாறினால் வைத்தியமும் மாறும்.

அலுப்பு. லிஃப்ட், வரிசை, விளம்பர இடைவேளை. மூன்றாவது பத்தியில் 'ஒன்றுமில்லை' என்று இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். இதோடு சண்டை போட்டுச் சக்தியை வீணாக்க வேண்டாம்.

தள்ளிப்போடுதல். எழுத வேண்டிய கடிதம், தொடங்க வேண்டிய கணக்கு. இங்கே போன் ஒளிந்துகொள்ளும் இடம் மட்டும்தான். போனைப் பூட்டி வைத்தால் ஜன்னல் வழியே வேடிக்கை பார்ப்பீர்கள். வேலையின் முதல் துண்டு எது என்று தெரியாதபோதுதான் மனம் நழுவுகிறது. அதனால் அந்த முதல் துண்டை ஒரு வரியில் எழுதி மேஜையில் வையுங்கள். 'அறிக்கை எழுது' என்று எழுதினால் பயன் இல்லை, 'போன மாதக் கோப்பைத் திறந்து தலைப்பை மாற்று' என்று எழுதுங்கள்.

ஆள் தேடுதல். பேச யாராவது வேண்டும் என்று திறந்து, முன்பின் தெரியாதவர்களின் வீடியோ நாற்பதைப் பார்த்துவிட்டு மூடுவது. பசிக்குச் சமையல் வீடியோ பார்த்த கதைதான். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. ஒரு பிரிவினர் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் மூன்றையும் ஒவ்வொன்றுக்கும் நாளைக்குப் பத்து நிமிடம் என்று மூன்று வாரம் குறைத்துக்கொண்டார்கள். வழக்கம்போல் பார்த்தவர்களைவிட அவர்களுக்குத் தனிமை உணர்வு குறைந்தது, மனச்சோர்வின் அறிகுறிகளும் குறைந்தன. அவர்கள் எதையும் டெலீட் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் நோட்டில் இந்த வகை அதிகம் என்றால், ஃபீடை, அதாவது ஆப்பில் அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும் பதிவுகளைத் திறப்பதற்கு முன் ஒரே ஒருவருக்கு நேரடியாக மெசேஜ் அல்லது கால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பிடுதல். வைத்த பிறகு 'நான் ஒன்றுக்கும் லாயக்கில்லை' என்கிற மாதிரி எழுதியிருப்பீர்கள். உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954இலேயே சொன்ன விஷயம்: மனிதர்கள் தங்களை எடைபோட, தங்களைப் போன்றவர்களோடுதான் ஒப்பிடுகிறார்கள். அதனால்தான் கோடீஸ்வரரின் மாளிகை நம்மைச் சுடுவதில்லை, கூடப் படித்தவர் வாங்கிய புது வீடு சுடுகிறது. என் உறவுக்காரப் பெண் ஒருத்தி தன் நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். 'மோசம்' என்று பதினோரு இடத்தில் எழுதியிருந்தாள். ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தபோது அதில் எட்டு, ஒரே பள்ளித் தோழியின் ஸ்டோரியைப் பார்த்த பிறகு எழுதியவை. அவள் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தது 'இன்ஸ்டாகிராமே எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்று. ஒரு மியூட்டில் பாதிப் பிரச்சினை போய்விட்டது. தோழிக்குத் தெரியவும் தெரியாது.

பதற்றம். செய்தி என்ன ஆச்சு, அவர் பார்த்தாரா, ப்ளூ டிக் வந்துவிட்டதா. வாட்ஸ்அப்பில் ரீட் ரிசீட்டை அணைத்து, லாஸ்ட் சீனையும் மறைத்துவிடுங்கள். இரண்டுமே பரஸ்பரம்: உங்களுடையது அவர்களுக்குத் தெரியாது, அவர்களுடையது உங்களுக்கும் தெரியாது. இரண்டாவது பாதிதான் நமக்கு மருந்து. செய்தி பார்ப்பதற்கு நாளில் இரண்டு நேரம் குறித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று தோன்றலாம். ஆமி ஆர்பென், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் 3,50,000க்கும் அதிகமான வளரிளம் பருவத்தினரின் தரவுகளை அலசி 2019இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். அந்த வளரிளம் பருவத்தினரின் மனநலத்தில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் டிஜிட்டல் பயன்பாடு விளக்குவது அதிகபட்சம் 0.4 சதவீதம்தான் என்று. 'பார்த்தாயா, போனால் ஒரு கெடுதலும் இல்லை' என்று இதைக் காட்டுகிறவர்கள் உண்டு. அது பெருங்கூட்டத்தின் சராசரி. உங்கள் 9:55 மணிக்கு என்ன நடந்தது என்று அது சொல்லாது, நோட்டு சொல்லும்.

## 5. இரண்டாம் வாரம்: நோட்டிஃபிகேஷன்

மாற்றத்தை இங்கே தொடங்குங்கள். இதற்கு மன உறுதி தேவையில்லை, ஒரு தடவை உட்கார்ந்து செய்தால் முடிந்தது. முதல் வெற்றி சுலபமாகக் கிடைப்பது நல்லது.

ஒவ்வொன்றாக எதை அணைக்கலாம் என்று யோசிக்காதீர்கள், ஒவ்வொன்றுக்கும் மனம் ஒரு நியாயம் சொல்லும். முதலில் எல்லாவற்றையும் அணையுங்கள். பிறகு இவற்றை மட்டும் திரும்பப் போடுங்கள்: போன் கால், எஸ்எம்எஸ், வங்கி, காலண்டர், நேரடியாக உங்களுக்கு மனிதர்கள் அனுப்பும் மெசேஜ். ஒரு நிரல் தானாக அனுப்புவது எதுவும் வேண்டாம். 'இவர் இதை லைக் செய்தார்', 'உங்களுக்குப் பிடிக்கலாம்' என்பதெல்லாம் உங்களைக் கூப்பிட எழுதப்பட்டவை. வாட்ஸ்அப் குரூப்களை 'எப்போதும்' என்று மியூட் செய்து ஆர்கைவில் போடுங்கள்.

ஐகான் மேல் எண்ணோடு நிற்கும் சிவப்புப் புள்ளியையும் அணைக்க வேண்டும். இதை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. சத்தம் நின்றாலும் அந்த '7' கண்ணில் படும்வரை விரல் போகத்தான் செய்யும்.

இதன் பின்னால் உள்ள இயக்கம் புறாக்களை வைத்துக் கண்டுபிடிக்கப்பட்டது. உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னரின் சோதனைகளில், எத்தனை முறை கொத்தினால் தீனி வரும் என்று கணிக்க முடியாதபடி வைத்தபோதுதான் புறாக்கள் விடாமல் கொத்தின. தீனியை நிறுத்திய பிறகும் நெடுநேரம் கொத்திக்கொண்டிருந்தன. திறந்தால் ஏதாவது இருக்கும், ஒருவேளை இருக்காது. அந்த 'ஒருவேளை'தான் நம்மையும் இழுக்கிறது. நோட்டிஃபிகேஷனை அணைப்பது, கொத்தச் சொல்லி அடிக்கும் மணியை நிறுத்துவது.

அணைத்த முதல் சில நாள் போன் அதிர்ந்தது போலத் தோன்றும், எடுத்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. பயப்படாதீர்கள். 2012இல் வெளியான ஓர் ஆய்வில் 290 கல்லூரி மாணவர்களில் 89 சதவீதம் பேர் இந்தப் பொய் அதிர்வை உணர்ந்ததாகச் சொன்னார்கள்.

## 6. மூன்றாம் வாரம்: படுக்கை

ஃபீடுக்கு முன்னால் தூக்கத்தைச் சரிசெய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தூக்கம் கெட்ட மறுநாள் எந்த ஆசையையும் அடக்கத் தெம்பு இருக்காது. அடுத்த வாரம் வரும் கடினமான படிக்கு இந்த வாரத் தூக்கம்தான் முதலீடு.

செய்ய வேண்டியது ஒன்றுதான். இரவு ஒரு நேரம் குறித்து, போனை அந்த வெளிச் சார்ஜரில் போட்டுவிட்டு வந்துவிடுங்கள். காலையில் முகம் கழுவிய பிறகுதான் எடுப்பது. இரவில் அவசர கால் வரக்கூடிய நிலைமை இருந்தால், கேட்கிற தூரத்தில், குறிப்பிட்ட எண்களுக்கு மட்டும் மணி அடிக்கும்படி வையுங்கள். ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் 'டூ நாட் டிஸ்டர்ப்'பில் அந்த வசதி உண்டு.

'நைட் மோட் போட்டிருக்கிறேன், நீல ஒளி இல்லை' என்று சொல்கிறவர்களிடம் நான் சொல்வது இது. 2014இல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வில் 12 பேர், ஐந்து இரவுகள் படுக்கும் முன் சுமார் நாலு மணி நேரம் ஒளிரும் திரையில் படித்தார்கள். அச்சுப் புத்தகம் படித்த இரவுகளைவிடத் தூக்கம் வரக் கூடுதலாக ஆனது சராசரியாகப் பத்து நிமிடம். ஒளிக்குப் பங்கு உண்டுதான். ஆனால் ஒன்றரை மணி வரை உங்களை விழிக்க வைத்தது ஒளி இல்லை, அடுத்த வீடியோ. அதற்கு நைட் மோட் ஒன்றும் செய்யாது.

இந்தப் படியில் தவறும் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள்: போனைப் படுக்கையறைக்குள்ளேயே, ஆனால் 'எட்டாத தூரத்தில்' வைப்பது. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் எட்டாத தூரம் எட்டும் தூரமாகிவிடும். கதவுக்கு வெளியே வையுங்கள்.

## 7. நான்காம் வாரம்: ஃபீட்

இப்போதுதான் ஆப்பைத் தொடுகிறோம். இப்போதும் டெலீட் வேண்டாம்.

முதலில் ஹோம் ஸ்கிரீனிலிருந்து ஐகானை எடுத்துவிட்டு, தேடித்தான் திறக்க வேண்டும் என்று ஆக்குங்கள். நான் எடுத்த மறுநாள் நடந்தது இது: ஏதோ யோசனையில் போனைத் திறந்திருக்கிறேன், கட்டைவிரல் நேராகக் கீழ்வரிசையின் வலது மூலைக்குப் போய் வெற்று இடத்தைத் தட்டியது. ஒரு தடவை இல்லை, அன்று மதியத்துக்குள் ஆறு தடவை. அதுவரை 'நான்தான் விரும்பித் திறக்கிறேன்' என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விரல் என்னைக் கேட்கவே இல்லை.

அடுத்து, ஒவ்வொரு முறையும் லாக் அவுட். கடவுச்சொல்லைப் போன் நினைவில் வைக்கக் கூடாது. கடவுச்சொல் தட்டும் அந்தப் பத்து விநாடியில் 'எதற்கு வந்தேன்' என்ற கேள்வி வந்துவிடும். பல நேரம் அதற்குப் பதில் இருக்காது, மூடிவிடுவீர்கள்.

மூன்றாவது, முடிவில்லாமல் கீழே போவதை நிறுத்துவது. பக்கம் முடியாமல் தானாக நீண்டுகொண்டே போகும் வடிவமைப்பை 2006இல் உருவாக்கியவர் ஏஸா ராஸ்கின். பிற்பாடு அதற்காக அவரே வெளிப்படையாக வருத்தப்பட்டார். முன்பெல்லாம் பக்கம் முடிந்து 'அடுத்த பக்கம்' என்று ஒரு பட்டன் இருக்கும். நிறுத்துவதா தொடர்வதா என்று யோசிக்க அது ஒரு வாசல்படி. இப்போது அந்த வாசல்படி இல்லை, நாமேதான் கட்டிக்கொள்ள வேண்டும். யூடியூபில் வாட்ச் ஹிஸ்டரியை நிறுத்தி, பழைய ஹிஸ்டரியையும் அழித்துவிட்டால் முகப்பில் பரிந்துரை வீடியோக்கள் வராது. 2023 முதல் அப்படித்தான். தேடல் பெட்டி மட்டும் இருக்கும், வேண்டியதைத் தேடிப் பார்க்கலாம். ஆட்டோபிளேவையும் அணையுங்கள். மற்ற ஆப்களில் இவ்வளவு சுத்தமாக முடியாது, அதனால் நேரம் குறிக்கும் கடிகாரம் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள்.

போனிலேயே இருக்கும் நேர வரம்பு வசதியை ஏன் சொல்லவில்லை என்றால், வரம்பு முடிந்ததும் இன்னும் கொஞ்ச நேரம் வாங்கிக்கொள்வது மிகச் சுலபம். இரண்டாம் நாளிலிருந்து விரல் அதையும் தானாகத் தட்டப் பழகிவிடும். கடவுச்சொல்லை வேறொருவர் வைத்துக்கொண்டால் மட்டும் அது வேலை செய்யும்.

திரையைக் கறுப்பு வெள்ளையாக்குவது சிலருக்கு நன்றாக உதவுகிறது. எனக்கு ஒரு வாரம் உதவியது, பிறகு பழகிவிட்டது.

டெலீட் எப்போது? லாக் அவுட் எல்லாம் செய்த பிறகும் ஒரே ஒரு ஆப் மட்டும் நோட்டில் திரும்பத் திரும்ப 'மோசம்' என்று வந்தால், அதை நான்கு வாரம் எடுத்துவிட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் 2018இல் நடந்த ஒரு சோதனையில் சிலர் நான்கு வாரம் ஃபேஸ்புக்கை முடக்கி வைத்தார்கள். நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் மிச்சமானது. மனநிலை சற்றே மேம்பட்டது. சோதனை முடிந்த பிறகும் அவர்கள் முன்பைவிடக் குறைவாகவே பார்த்தார்கள். அவர்களுக்கு அதற்காகப் பணம் கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நமக்கு யாரும் கொடுக்கப் போவதில்லை, அதனால்தான் இந்தப் படி கடைசியில்.

## 8. அதே வாரம்: காலியான நிமிடங்களுக்கு ஏற்பாடு

ஃபீடை மூடியதும் கையில் ஒரு வெறுமை வரும். இதற்கு ஏற்பாடு செய்யாமல் படி 7ஐச் செய்தால் ஆப் திரும்பி வரும், அல்லது அதன் இடத்தில் வேறொன்று வரும். இன்ஸ்டாகிராமை விட்டுவிட்டு நாள் முழுக்கக் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தவரை எனக்குத் தெரியும்.

சும்மா இருப்பது மனிதர்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்பதற்கு, வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட சோதனை ஒன்று இருக்கிறது. ஒவ்வொருவரையும் தனியறையில் 15 நிமிடம் வெறுமனே யோசித்துக்கொண்டிருக்கச் சொன்னார்கள். தொட்டால் லேசான மின் அதிர்ச்சி தரும் பொத்தான் ஒன்றும் இருந்தது. 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் ஒரு தடவையாவது தாங்களாகவே அதிர்ச்சி கொடுத்துக்கொண்டார்கள். ஆகவே உங்களால் வெறுமனே உட்கார முடியவில்லை என்றால் உங்களிடம் கோளாறு ஒன்றும் இல்லை.

'இது நடந்தால் அதைச் செய்வேன்' என்று முன்பே வாக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள். 'ஓய்வு நேரத்தில் படிப்பேன்' என்பது வேலைக்கு ஆகாது. 'இரவு போனைச் சார்ஜரில் போட்டதும் தலையணைப் பக்கம் இருக்கும் புத்தகத்தில் இரண்டு பக்கம் படிப்பேன்' என்பது வேலைக்கு ஆகும். எப்போது என்று மனம் தேட வேண்டியதில்லை. நோட்டில் உங்களுக்கு அதிகம் வந்த இரண்டு நேரங்களுக்கு மட்டும் எழுதுங்கள், பத்துக்கு எழுதினால் ஒன்றும் நினைவில் இருக்காது.

இழுப்பு வரும்போது அடக்க வேண்டாம், கவனியுங்கள். நெஞ்சிலா, விரல் நுனியிலா, எங்கே உறுத்துகிறது? அது ஏறும், உச்சத்துக்குப் போகும், நாம் தீனி போடாவிட்டால் சில நிமிடங்களில் தானாக இறங்கும். ஒரே ஒரு தடவை இறங்குவதைப் பார்த்துவிட்டால் அடுத்த தடவை அதன் மேல் பாதிப் பயம் போய்விடும்.

## 9. வேலையும் படிப்பும்

இது சின்னப் படி. கவனம் தேவைப்படும் ஒரு மணி நேரத்துக்குப் போனை வேறு அறையில் வையுங்கள். 2017இல் வெளியான ஒரு ஆய்வில் போனை மேஜைமேல் வைத்தவர்களைவிட வேறு அறையில் வைத்தவர்கள் சோதனைகளை நன்றாகச் செய்தார்கள், அத்தனை போனும் சைலன்ட்டில் இருந்தும்கூட. அதே சோதனையைத் திரும்பச் செய்த சிலருக்கு அந்த வித்தியாசம் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. ஆய்வு எப்படியிருந்தாலும் எழுந்து போக வேண்டிய தூரம் என்பது தூரம்தான்.

கணினியிலும் இதே சிதறல் உண்டு. கலிபோர்னியாவின் இர்வைன் பல்கலைக்கழகத்தில் குளோரியா மார்க் அளந்தபோது, 2004 வாக்கில் ஒரு திரையில் சராசரியாக இரண்டரை நிமிடம் நின்ற கவனம், பிந்தைய அளவீடுகளில் சுமார் 47 விநாடியாகியிருந்தது. போனை வெளியே வைத்துவிட்டு வாட்ஸ்அப் வெப்பைத் திறந்து வைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

## 10. ஐந்தாம் வாரம்: சறுக்கலும் மறு எண்ணிக்கையும்

எப்படியும் ஒரு நாள் சறுக்கும். காய்ச்சலில் படுத்த நாளாக இருக்கலாம், சண்டை போட்ட இரவாக இருக்கலாம். மூன்று மணி நேரம் ரீல்ஸில் போயிருக்கும். அன்று புதிதாக எந்தக் கட்டுப்பாடும் போடாதீர்கள். குற்ற உணர்ச்சியில் போடும் கட்டுப்பாடு எப்போதும் தேவைக்கு மேல் கடுமையாக இருக்கும், சீக்கிரம் உடையும். நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டு, இரவு போனை வெளிச் சார்ஜரில் போடுங்கள். அந்த ஒரு படி நின்றால் மற்றவை மறுநாள் திரும்பி வரும்.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்துச் செய்து 2010இல் வெளியான ஆய்வில், ஒரு புதுச் செயல் பழக்கமாக சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிதாகப் பாதிக்கவில்லை. '21 நாளில் பழக்கம்' என்று யாராவது சொல்லி நம்பியிருந்தால், 22ஆம் நாள் மனமுடைந்துபோக வேண்டியதில்லை.

ஐந்தாம் வாரம் முழுக்க, முதல் வாரம் போலவே எண்ணுங்கள். போனை எடுத்த எண்ணிக்கை, பத்து பதிவுகள். மணிக்கணக்கு குறைந்திருக்கிறதா என்று கடைசியாகப் பாருங்கள். முதலில் மூன்றாவது பத்தியைப் பாருங்கள்: 'மோசம்', 'எரிச்சல்', 'தலை கனம்' என்பவை எத்தனை இடத்தில் இருந்தன, இப்போது எத்தனை? அது குறைந்து, நேரம் அப்படியே இருந்தால் எனக்கு அது வெற்றிதான். நேரம் பாதியாகி, எரிச்சல் அப்படியே இருந்தால் படி 4க்குத் திரும்பிப் போங்கள், வகை பிரித்ததில் ஏதோ ஒன்று தப்பாக விழுந்திருக்கிறது. என் இரண்டாவது நோட்டில் 9:55 பதிவு மூன்று நாள்தான் வந்திருந்தது. அதில் இரண்டில், மூன்றாவது பத்தியில் 'அண்ணனுக்குக் கால் பண்ணினேன்' என்று எழுதியிருந்தது.